யானையின் வாய் நிற்கக் கூடாது: க்ரூகர் காட்டுக்குள் நடந்து போகிறவர்களுக்கு

"நடந்து போகும்போது எதிரே சிங்கம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" காட்டு நடை வழிகாட்டி என்று என் வேலையைச் சொன்னதும் நம்மூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பறவை ஏன் கத்துகிறது, இந்தச் சாணம் எப்போது விழுந்தது என்று பார்த்துக்கொண்டே நடப்பவர் முன்னால் சிங்கம் திடீரென்று முளைப்பது அபூர்வம்.

க்ரூகர் தேசியப் பூங்கா தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. 1898-ல் தென்பகுதியில் ஒரு சின்ன சரணாலயமாகத் தொடங்கி 1926-ல் தேசியப் பூங்கா ஆனது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியில் வந்து வண்டியிலேயே திரும்புகிறார்கள். நான் 14 வருடமாக ஆட்களைக் கீழே இறக்கி நடக்க வைக்கிறேன். அதிகபட்சம் எட்டுப் பேர். முன்னால் நான், எனக்கு அடுத்து இரண்டாவது வழிகாட்டி, அதற்குப் பின்னால் விருந்தினர்கள். எங்கள் இருவர் கையிலும் .375 அல்லது .458 ரகத் துப்பாக்கி இருக்கும். அதைச் சுட நேர்ந்தால் அன்றைய நடையில் நான் எங்கோ தவறிவிட்டேன் என்றே எடுத்துக்கொள்வேன்.

நல்ல சந்திப்புக்கு எங்களுக்கு ஒரே அளவுகோல்தான். நாம் வந்தது விலங்குக்குத் தெரியக் கூடாது, போனதும் தெரியக் கூடாது. யானை இலை தின்றுகொண்டிருக்கிறதா? நாம் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை அதன் வாய் நிற்கக் கூடாது. வாய் நின்றுவிட்டால், காது நம் பக்கம் திரும்பிவிட்டால், நாம் ஓர் அடி அதிகம் வைத்துவிட்டோம். கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த ஓர் அடியை வைக்காமல் இருப்பதற்காகத்தான்.

கிளம்பும் முன்

உடுப்பு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காக்கி, மரப்பட்டை நிறம், காய்ந்த புல் நிறம். வெள்ளை வேண்டாம், பளிச்சென்ற நீலம் வேண்டாம். முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் பழகிய ஷூ. புது ஷூவோடு வந்து இரண்டாம் மணி நேரத்தில் கொப்புளத்தோடு நொண்டுகிறவர் எட்டுப் பேரையும் நிறுத்திவிடுவார். சென்ட், வாசனைப் பவுடர், மல்லிகை மணக்கும் தலையெண்ணெய் மூன்றையும் அன்றைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். புல் குட்டையாக, இலை உதிர்ந்து, தண்ணீர் சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும். நடப்பதற்கு அதுவே நல்ல காலம். அதிகாலையில் விரல் மரத்துப்போகிற குளிர் இருக்கும், பத்து மணிக்குச் சட்டை நனையும். ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். முன்னால் போகிறவரின் காலடி விழுந்த இடத்திலேயே உங்கள் காலடியும் விழட்டும். பேச்சு கூடாது. ஏதாவது கண்ணில் பட்டால் நாக்கைச் சொடுக்குங்கள் அல்லது விரலைச் சொடுக்குங்கள், கத்தாதீர்கள். நான் மூடிய கையை உயர்த்தினால் அப்படியே நில்லுங்கள், தூக்கிய கால் தூக்கியபடி இருந்தாலும் சரி. உள்ளங்கையைத் தரையை நோக்கித் தாழ்த்தினால் மெதுவாகக் குந்துங்கள். இதையெல்லாம் கிளம்பும் முன் சொல்லும்போது சிலர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை நான் கிளம்புவதில்லை.

சாம்பல் மூட்டை

என் இடுப்பில் ஒரு பழைய காலுறை தொங்கும். அதற்குள் முந்தைய இரவு முகாம் அடுப்பில் மிஞ்சிய விறகுச் சாம்பலைச் சலித்து நிரப்பி, வாயை முடிச்சுப் போட்டிருப்பேன். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை அதை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நூல்வழியே புகைபோலச் சாம்பல் வெளியே வரும். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நம் வாசனை போகிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குத் தடம் படிக்கக் கற்றுத்தந்த சொங்கா இனப் பெரியவர் கொடுத்தது இது. காலுறை பலமுறை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

யானைக்கும் எருமைக்கும் காண்டாமிருகத்துக்கும் நாம் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் படுவோம். காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும். குறைந்தபட்சம் பக்கவாட்டில் போக வேண்டும். முதுகில் அடித்தால் அந்த விலங்கை விட்டுவிடுங்கள், அல்லது ஒரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வாருங்கள். காலை எட்டரை ஒன்பதுக்குத் தரை சூடேறியதும் காற்று குழம்பும். சாம்பல் ஒரு தட்டுக்கு வடக்கே போகும், அடுத்த தட்டுக்குத் தெற்கே போகும். அந்த நேரத்தில் புதருக்குள் இருக்கும் எதையும் நான் நெருங்குவதில்லை. ஆற்று மணலில் அடித்தளம் குளிர்ந்தும் கரை சூடாகவும் இருக்கும்போது காற்று சுழலும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காதைத் திறந்து வைப்பது

கண்ணால் தேடுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இம்பாலா மான் மூக்கால் வெடுக்கென்று ஊதினால் எதையோ கண்டிருக்கிறது. ஒரு மான் ஊதி மற்றவை மேய்ந்துகொண்டிருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லா மானும் நின்று, எல்லாத் தலையும் ஒரே திசையில் திரும்பியிருந்தால் அந்தத் திசையில் பூனை இனம் ஏதோ இருக்கிறது. அவை நம்மைப் பார்க்கின்றனவா, நமக்கு அப்பால் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். குடு மான் குரைக்கும். நாயைவிடக் கனத்த, ஒற்றைக் குரைப்பு. அது வீணாகக் குரைத்து நான் கேட்டதில்லை. அணில் மரக்கிளையில் வாலை உதறிக்கொண்டு நிற்காமல் கத்தினால் கீழே பாம்போ, கிளையில் சிறுத்தையோ, கழுகோ. சாம்பல் நிறக் கொண்டைப் பறவை ஒன்று 'க்வே... க்வே' என்று இழுத்துக் கத்தும். அது பெரும்பாலும் நம்மைக் காட்டிக்கொடுக்கத்தான். அது கத்தியபின் சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டுப் போவது நல்லது.

இவற்றில் எனக்கு மிகவும் வேண்டியது சிவந்த அலகுள்ள உண்ணிகொத்தி. எருமை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்னும் சின்னப் பறவை. சீறலும் சரசரப்பும் கலந்த அதன் குரல் புதருக்குள்ளிருந்து கேட்டால், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெரிய உடம்பு நிற்கிறது என்று பொருள். இதைப் பற்றி எருமையிடம் வரும்போது சொல்கிறேன்.

தரையை வாசிப்பது

சிங்கத்தின் பாதத்தில் நகம் பதியாது, உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். கழுதைப்புலிக்கும் நாய்க்கும் நகம் பதியும். யானையின் முன்பாதம் வட்டம், பின்பாதம் நீள்வட்டம். அடித்தோலில் உள்ள வெடிப்புகள் நம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் தனி. நகம் மணலைத் தள்ளியிருக்கும் பக்கம் முன்பக்கம்.

எந்த விலங்கு என்று கண்டுபிடிப்பது எளிது. எப்போது போனது என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது. குனிந்து, தடத்துக்கு எதிரே சூரியன் இருக்கும்படி உட்கார்ந்து பாருங்கள். தடத்தின் மேல் வண்டு ஊர்ந்த கோடு இருந்தால் அது இரவுக்கு முந்தையது. பூச்சிகள் இரவில்தான் அதிகம் நடமாடும். பனித்துளி சொட்டிய சிறு குழிகள் தடத்துக்குள் இருந்தால் விடியலுக்கு முன் போனது. தடம் பனிக்குழிகளை மிதித்து அழித்திருந்தால் விடிந்தபின் போனது, பக்கத்தில்தான் இருக்கிறது. விளிம்பு கூர்மையாக, மணல் துகள் இன்னும் உள்ளே சரியாமல் இருந்தால் எல்லோரையும் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். யானை லத்தியைக் கையால் பிளந்து நடுவில் விரல் வைத்துப் பார்ப்பேன். விருந்தினர்கள் முகம் சுளிப்பார்கள். வெறும் புல்லும் பட்டையும் நாரும்தான் அது. நடுவில் இளஞ்சூடு இருந்தால் யானை தூரத்தில் இல்லை. ஒடித்த மோப்பானி மரக்கிளையின் முனை ஈரமாக இருந்தாலும் அப்படித்தான்.

யானை

நம்மூர்க் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒன்று. தந்தம் இருப்பதை வைத்து ஆண் என்று முடிவு செய்யாதீர்கள். இங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. நெற்றியைப் பாருங்கள்: பக்கவாட்டில் பார்க்கையில் பெண்ணுக்கு நெற்றி கோணமாக மடிந்திருக்கும், ஆணுக்கு உருண்டு இறங்கும். தனியாக நிற்கும் பெண் யானை என்று எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தெரிந்தால் புதருக்குப் பின்னால் அக்காள் தங்கை, பிள்ளை குட்டி எல்லாம் இருக்கும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போய்விடக் கூடாது என்பதால், கூட்டத்தை எண்ணி முடிக்கும்வரை நான் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை.

மதம் நமக்குத் தெரிந்த சொல். கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழியும். ஆனால் ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும், பதற்றத்தில் இருக்கும் எந்த யானைக்கும் அங்கே ஈரம் கசியும். கன்னம் நனைந்திருப்பதை மட்டும் வைத்து மதம் என்று சொல்ல முடியாது. பின்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். சிறுநீர் சொட்டிச் சொட்டித் தொடை கறுத்து நனைந்திருக்கும். காற்றில் காரமான, கொட்டுகிற வாசனை வரும். தலையைத் தூக்கி, தோளை ஆட்டி நடக்கும். அந்த யானைக்கு நாம் வழிவிட வேண்டும். எவ்வளவு தூரம் என்று யோசிக்காமல் போய்விட வேண்டும்.

மற்ற நேரத்தில் யானை பேசிக்கொண்டேதான் இருக்கும். மோப்பம் பிடிக்கத் துதிக்கை 'எஸ்' வடிவில் உயரும்: சந்தேகம் வந்திருக்கிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நிற்கும்: என்ன செய்வதென்று முடிவெடுக்கிறது. தின்பதுபோலப் புல்லைப் பிடுங்கும், வாயில் வைக்காமல் காலில் அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்கும். இதைத்தான் புதியவர்கள் தவறாகப் படிக்கிறார்கள், 'சாப்பிடுகிறது, ஒன்றும் செய்யாது' என்பார்கள். வாய் நின்றுவிட்டது என்று நான் சொல்வது இதைத்தான். அடுத்து நிமிர்ந்து, காதை அகல விரித்து, தந்தத்தின் மேலாக நம்மைக் குனிந்து பார்க்கும். தலையை உதறும், காது உடம்பில் அறையும் சத்தம் கேட்கும். இத்தனையும் எச்சரிக்கை. இதில் முதல் அறிகுறியிலேயே திரும்பிவிடுவது என் வழக்கம்.

அதையும் மீறித் துரத்தி வந்தால்? காதை விரித்து, பிளிறி, புழுதி கிளப்பி வருவது பெரும்பாலும் மிரட்டல். சில மீட்டர் முன்னால் நின்றுவிடும். காதை ஒட்டிவைத்து, துதிக்கையை உள்ளே சுருட்டி, தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வந்தால் அது நிற்கப்போவதில்லை. எல்லா யானையும் இந்த இலக்கணத்தைப் படித்துவிட்டு வருவதில்லை என்பதால் இரண்டுக்கும் நான் ஒரேமாதிரிதான் தயாராவேன். நான் முன்னால் நின்று கையை உயர்த்திக் கத்துவேன். இரண்டாவது வழிகாட்டி உங்களைப் பெரிய கறையான் புற்றுக்கோ, அடிபெருத்த மரத்துக்கோ, செங்குத்தான ஓடைக்கரைக்கோ அழைத்துப் போவார். அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள். காய்ந்த ஆற்றின் கரையில், விழுந்து கிடந்த பெரிய மரம் ஒன்றின் பின்னால் ஆறு பேரோடு உட்கார்ந்திருந்தேன். கீழே மணலில் வயதான ஆண் யானை ஒன்று முன்னங்காலால் குழி பறித்துக்கொண்டிருந்தது. உதைத்து உதைத்து மணலை ஒதுக்கும், துதிக்கையை உள்ளே விட்டுப் பார்க்கும், மறுபடி உதைக்கும். தண்ணீர் ஊறியதும் முதல் வாயை வெளியே ஊதிக் கொட்டியது. கலங்கல். இரண்டாவதையும் கொட்டியது. மூன்றாவதை நிதானமாக வாய்க்குள் ஊற்றியது. தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஐம்பது நிமிடம். சாம்பலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டேமுக்காலுக்குச் சாம்பல் முதல்முறையாக மணலை நோக்கிச் சாய்ந்தது. உடனே உள்ளங்கையைப் பின்னால் அசைத்தேன். தவழ்ந்து பின்வாங்கினோம். கரையைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது யானை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. கூட வந்த ஓர் அம்மா வெகுநேரம் அழுதார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நாட்களில் அதை முதலில் வைப்பேன்.

எருமை

ஆப்பிரிக்க எருமை கூட்டமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. முந்நூறு தலைகள் நம்மை வெறித்துப் பார்த்துவிட்டு ஒரே தூசியாக ஓடிவிடும். ஆபத்து கூட்டத்தை விட்டு ஒதுங்கிய கிழ எருமைகளிடம். ஒன்றிரண்டாகச் சேற்றில் புரண்டு, மண் அப்பிய உடம்போடு நாணல் ஓரங்களில் படுத்திருக்கும். சேற்றைக் குறிக்கும் சொல்லை வைத்து இங்கே அவற்றை 'டாஹா பாய்ஸ்' என்பார்கள். ஓடிக் களைத்த வயது. காதும் கண்ணும் மங்கியிருக்கும். ஆகவே நாம் பக்கத்தில் வரும்வரை கிடந்துவிட்டு, வந்ததும் தப்பிக்கும் வழியாக நம்மையே தேர்ந்தெடுக்கும்.

என் இரண்டாம் வருடம், நான்கு பேரோடு ஒரு சிற்றோடையைக் கடக்க இறங்கினேன். அந்தப் பக்கம் ஆளுயர நாணல். உண்ணிகொத்தியின் குரல் கேட்டது. கேட்டது என்பதை இப்போதும் சொல்வேன், ஏனென்றால் என் காது அதை வாங்கி வைத்திருந்தது; வெயில் ஏறுகிறது, முகாமுக்கு நேரமாகிறது என்று மனம் அதை ஒதுக்கிவிட்டது. இன்னும் நான்கடி வைத்தேன். பன்னிரண்டு மீட்டரில் நாணல் பிளந்து ஒரு தலை எழுந்தது. கொம்பின் அடிப்பாகம் நெற்றி முழுக்க மூடி, அதில் காய்ந்த சேறு பாளம் பாளமாக. மூக்கில் தண்ணீர் சொட்டியது. "மரம்!" என்று கத்தினேன். நால்வரும் இரண்டாவது வழிகாட்டியோடு பின்னால் இருந்த அத்திமரத்துக்கு ஓடிச் சேர்ந்தார்கள். எருமை மூன்று பாய்ச்சல் வந்தது. துப்பாக்கி தோளில் ஏறியிருந்தது, விரல் விசையில் இருந்தது. நான்காவது பாய்ச்சலில் அது இடப்பக்கம் திரும்பி ஓடையின் ஓரமாக உடைத்துக்கொண்டு ஓடியது. அது நின்றிருந்த இடத்துக்கு வலப்பக்கம் செங்குத்துக் கரை, பின்னால் ஆழமான சேறு. நான் நின்ற இடம்தான் அதற்கிருந்த வழி. நான் அரை அடி விலகியதில் அதற்கு வழி கிடைத்தது.

அதன்பின் நான் கடைப்பிடிப்பது இது. ஆற்றோர நாணலுக்குள் போகவே மாட்டேன். ஓடையைக் கடக்கும் முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று கேட்பேன். புதர் ஓரமாகப் போகும்போது கைதட்டுவதும் உண்டு. தெரியாமல் போய்த் தெரியாமல் வருவது என்கிற விதிக்கு இது மட்டும் விலக்கு: கண் எட்டாத அடர்த்தியில் நாம் வருவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த விலங்கைப் பார்த்தாலும் அது எந்த வழியாக ஓடும் என்று முதலில் பார்த்து, அந்த வழியில் நிற்காதீர்கள்.

நீர்யானைக்கும் இதே கணக்கு. பகலில் தண்ணீரில் கிடக்கும், இரவில் புல் மேயக் கரையேறும். அதன் தடம் நடுவே மேடு விட்டு இரட்டைத் தடமாக ஓடும்; மாட்டுவண்டித் தடம்போல. அதிகாலையில் அந்தத் தடத்தில் நிற்கக் கூடாது, திரும்பி வரும் நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

சிங்கம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். நடந்து வரும் மனிதரைக் கண்டால் சிங்கம் பெரும்பாலும் எழுந்து போய்விடும். நம் விருந்தினர்கள் பார்ப்பது புல்லுக்குள் மறையும் வாலைத்தான். போகாமல் நிற்கிற சிங்கம் மூன்று: குட்டி வைத்திருப்பது, இரைமேல் இருப்பது, இணை சேர்ந்திருப்பது. பிணந்தின்னிக் கழுகுகள் மரத்தில் கூட்டமாக உட்கார்ந்து கீழே இறங்காமல் இருந்தால் இரையின்மேல் இன்னும் யாரோ இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அது உறுமினால் நில்லுங்கள். வால் பக்கவாட்டில் அடிக்கும். பிறகு விறைத்து மேலும் கீழும் வெட்டினால் வரப்போகிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிற சத்தத்தோடு பாய்ந்து வரும், பத்துப் பதினைந்து மீட்டரில் மண்ணைக் கிளப்பி நிற்கும். அந்த நொடியில் கால் தானாக ஓடப் பார்க்கும். ஓடாதீர்கள். சிங்கத்தின் கண்ணுக்கு முதுகு காட்டி ஓடுகிறதெல்லாம் இரை. ஒருவரை ஒருவர் நெருங்கி, என் பின்னால், முகம் அதைப் பார்த்தபடி நில்லுங்கள். நான் கத்துவேன், நீங்கள் கத்த வேண்டியதில்லை. அதன் தலை சற்றுத் தாழ்ந்து, கண் நம்மைவிட்டு விலகும்போது ஓர் அடி பின்னால். மறுபடி உறுமினால் மறுபடி நிற்பது. இப்படியே ஐம்பது மீட்டர் போக இருபது நிமிடம் ஆனதுண்டு.

1903-ல் ஹாரி வோல்ஹூட்டர் என்ற வனக்காவலரைக் குதிரையில் போகும்போது சிங்கம் தள்ளி, தோளைக் கவ்வி இழுத்துச் சென்றது. இடுப்புக் கத்தியை இடக்கையால் எடுத்துக் குத்திப் பிழைத்தார். அந்தக் கத்தியும் சிங்கத்தோலும் பூங்காவின் ஸ்குகுஸா முகாமில் காட்சிக்கு இருக்கின்றன. எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். நான் விருந்தினர்களிடம் கத்தியின் நீளத்தைப் பாருங்கள் என்பேன். நம்பிப் போக அது ஒரு வழி அல்ல.

சிறுத்தையைக் கண்டால் கண்ணோடு கண் பார்க்காதீர்கள். பார்க்காததுபோல, அதே வேகத்தில், சற்று விலகி நடந்து போய்விடுங்கள். தன்னை யாரும் காணவில்லை என்று நம்பும்வரை அது படுத்தே இருக்கும்.

காண்டாமிருகத்துக்குக் கண் மங்கல். காதும் மூக்கும் கூர்மை. வெள்ளைக் காண்டாமிருகக் குட்டி தாய்க்கு முன்னால் ஓடும், கறுப்பின் குட்டி தாய்க்குப் பின்னால் ஓடும். கறுப்பு எதையும் யோசிக்காமல் பாயும். மரத்தின் பின்னால் நில்லுங்கள், முடிந்தால் ஏறுங்கள். ஆனால் இங்கே நான் மன்றாடிக் கேட்பது வேறு. காண்டாமிருகத்தைப் பார்த்த இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். செல்போன் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள், பின்னணியில் மலையோ பலகையோ தெரியாமல் எடுங்கள். கொம்புக்காக முகம் வெட்டப்பட்டுக் கிடந்த ஒன்றை, அதன் பக்கத்தில் நின்றிருந்த குட்டியோடு பார்த்திருக்கிறேன். உங்கள் ஒரு படம் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டி ஆகிவிடக் கூடாது.

சின்ன உயிர்கள்

பஃப் விரியன் பாதையில் காய்ந்த இலைபோலக் கிடக்கும். ஆள் வரும் அதிர்வுக்கு விலகாது, மிதித்தால் கடிக்கும். விழுந்த மரத்தைத் தாண்டும்போது முதலில் மரத்தின்மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்து, பிறகு இறங்குங்கள். நஞ்சு உமிழும் நாகம் இரண்டு மூன்று மீட்டர் தூரத்திலிருந்து கண்ணைக் குறிபார்க்கும். பட்டால் கசக்காமல், கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தேளுக்கு முன்னால் உள்ள இடுக்கிகள் மெலிந்து வால் பருத்திருந்தால் நஞ்சு அதிகம்.

எல்லாவற்றையும்விட அதிகம் சந்திக்கப்போவது உண்ணியை. மிளகுப்பொடி அளவில் இருக்கும் குஞ்சுகளை இங்கே மிளகு உண்ணி என்றே சொல்கிறார்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடங்கள். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். ஊர் திரும்பி ஒரு வாரத்தில் தலைவலியும் காய்ச்சலும் வந்து, உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் ஆப்பிரிக்காவில் உண்ணி கடித்தது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் மலேரியாவும் உண்டு. மாத்திரை பற்றி வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியில் போகும்போது

தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேகம். சாலையில் யானை வந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்காமல், பின்னால் வரும் வண்டி வழியை அடைக்கிறதா என்று பார்த்து, மெதுவாகப் பின்னால் போங்கள். சாலை யானையுடையது, ஹாரன் கூடாது. ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் இறங்கவோ ஜன்னலில் உட்காரவோ கூடாது. தனியார் வன விடுதி வண்டிகளின் ரேடியோவில் சொங்கா மொழியில் பெயர் வரும்: ங்கலா என்றால் சிங்கம், யிங்வே சிறுத்தை, ந்யாரி எருமை. இது தெரிந்துவிட்டால் உங்கள் வழிகாட்டி வண்டியைத் திருப்பும்போது ஏன் என்று கேட்க வேண்டியிருக்காது.

முகாமில் இரவு

நடை முகாம்களில் பெரிய வேலி இருக்காது. கூடாரத்துக்குள் பழமோ தின்பண்டமோ வைக்காதீர்கள். மாம்பழமும் ஆரஞ்சும் யானையை அழைக்கும், முறுக்கும் ரொட்டியும் குரங்கை அழைக்கும். ஜிப்பை முழுவதும் மூடுங்கள், கீழே நான்கு விரல் இடைவெளிகூட வேண்டாம். கழிப்பறைக்குப் போகும் முன் டார்ச்சை மெதுவாகச் சுற்றி ஒரு வட்டம் அடியுங்கள். கண் பளபளத்தால் ஜிப்பை மூடிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். எத்தனை மணியானாலும் வருவேன். ஷூவை வெளியே வைத்தால் கழுதைப்புலி தூக்கிப்போய்விடும்.

இரவில் சிங்கம் கர்ஜித்தால் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். அந்தச் சத்தம் எட்டு கிலோமீட்டர்வரை கேட்கும். எந்தத் திசை என்று மட்டும் படுத்தபடியே குறித்து வையுங்கள், காலையில் சொல்லுங்கள். ஐந்து மணிக்குக் கூடாரத்தின் துணியை விரலால் சுண்டுவேன். ஷூவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள். அடுப்பில் காபி இருக்கும், தொட்டுக்கொள்ள ரஸ்க் இருக்கும். நேற்றைய சாம்பலை அதற்குள் நான் அள்ளி வைத்திருப்பேன்.